பின்பக்கம் வெட்டிய கோட்டு

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே கஸ்பாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வயது அறுபத்தொன்று. ராயபுரம் மாதா கோவில் பங்கில் ஆண்கள் யார் செத்தாலும் உடம்பைத் துடைத்துத் துணி உடுத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்கமாட்டார். ஒரு டீ, கை கழுவ ஒரு சோப்பு, அவ்வளவுதான். இருபத்துநான்கு வருடமாகிவிட்டது, இனி முடியாது, இதுதான் கடைசி என்று காலையில் மனைவி ரோசியிடம் சொல்லியிருந்தார். செத்தது யார் என்று அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் வந்துவிட்டார்.

உள்ளே ஐஸ் பெட்டியில், கனடாவிலிருந்து மகன் வந்து சேர மூன்று நாளாகக் காத்துக் கிடந்தவர் பிராங்கிளின் மேஸ்திரி.

ஹார்பரில் கஸ்பார் மூட்டை தூக்கிய காலத்தில் அந்தக் கும்பலுக்கு பிராங்கிளின்தான் மேஸ்திரி. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஷெட்டுக்கு போன் வந்தது, கஸ்பாரின் அப்பா போய்விட்டார் என்று. மேஸ்திரி அதை மாலை நாலரைக்கு, கடைசி மூட்டை இறங்கிய பிறகுதான் சொன்னார். சித்திரை வெயில். ஐஸ் பெட்டி வைக்க வழியில்லாத வீடு. கஸ்பார் ஓடிவந்து சேர்ந்தபோது, போன் போட்டும் மகன் வரவில்லையென்று காசிமேடு கல்லறையில் குழியை மூடிவிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு யாரோ தெருக்காரர்கள் வேட்டி கட்டிவிட்டார்களாம். மறுநாள் கேட்டதற்கு மேஸ்திரி, "சொல்லியிருந்தா நீ வூட்டுக்குப் பூட்டிருப்பே. கப்பல் நின்னுகினு இருந்திருக்கும்" என்றார். கோபம்கூட இல்லாமல் சொன்னார்.

அப்பாவுக்குச் செய்ய முடியாததை அதன்பிறகு ஊரில் எல்லா அப்பாக்களுக்கும் செய்யத் தொடங்கினார் கஸ்பார். கோவில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் மட்டும் பிராங்கிளின் பக்கம் திரும்புவதில்லை. அதற்கென்றே தூணுக்கு மறைவாக உட்கார்ந்து பழகிவிட்டார்.

இப்போது மறைய ஒரு தூணும் இல்லை.

மேஸ்திரியின் மகள் சாண்ட்ரா ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துவந்தாள். அவள் கல்யாணத்துக்கு அவர் தைத்துக்கொண்டது. "இது கசங்கினா அப்பா தாங்கமாட்டார் அங்கிள். கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றாள். வழக்கமாகக் கஸ்பார் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். சாண்ட்ரா போகமாட்டேன் என்று தலைமாட்டிலேயே நின்றாள்.

சட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விறைத்த கை, துடுப்பு மாதிரி கிடந்தது. கோட்டு நுழைய வேண்டுமானால் தோளில் ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். ஒரே ஒரு முறுக்கு. சத்தம் கேட்கும். கேட்டால் என்ன, அவள்தானே கசங்காமல் போடச் சொல்கிறாள்?

அவருடைய பிடி தானாக இறுகியது.

இருபத்துநான்கு வருடத்தில் எந்தப் பிணத்தையும் அவர் அப்படிப் பிடித்ததில்லை. ஒவ்வொரு கையையும் தூங்குகிற குழந்தையின் கையைப்போல எடுத்தவர். அந்தக் கைகளெல்லாம் அப்பாவுடையது என்று நினைத்துத்தான் எடுத்தேனா, அப்படியென்றால் இந்தக் கை யாருடையது என்று தோன்றியது. அவருக்கே தன்னைப் பார்த்து பயமாகிவிட்டது. கையை மெல்லக் கீழே வைத்தார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன். இத நான் யாராண்டயும் சொன்னதில்ல. கோட்டப் பின்னால வெட்டணும்."

சாண்ட்ராவுக்குப் புரியவில்லை. காலரிலிருந்து கீழ்வரை முதுகில் நீளமாக வெட்டி, முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, வெட்டிய துணியை இரண்டு பக்கமும் உடம்புக்கு அடியில் செருகிவிடுவது என்று விளக்கினார். மேலிருந்து பார்ப்பவர்களுக்கு முழுக் கோட்டுதான் தெரியும்.

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"ரைஸ்மில்லு ஓனருக்கும் வெட்னேன். பாலத்துக்கடியில செத்துக் கெடந்தவனுக்கும் வெட்னேன். முன்னாடி அவங்கவங்க வசதி. முதுகு எல்லாருக்கும் பலகை மேலதான் மா."

"அப்பாவுக்கும் வெட்டித்தான் ஆகணுமா?"

"வெட்டலன்னா கைய முறுக்கணும். எனக்கு வேணாம் மா அது."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து கொடுத்தாள். காலரை அவளே இழுத்துப் பிடித்துக்கொள்ள, கஸ்பார் நடுத்தையலைப் பார்த்து நேராக வெட்டினார். அதேபோல் சட்டையையும் வெட்டினார். பிராங்கிளினை ஒருக்களித்துச் சாய்த்தபோது, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வரும் காய்ப்பு அந்த வலது தோளிலும் கறுத்துக் கிடந்தது. மேஸ்திரியாவதற்கு முன்னால் அவரும் தூக்கியிருக்கிறார். இது கஸ்பாருக்குத் தெரியாத விஷயமல்ல, மறந்துபோயிருந்தது. ஈரத்துணியால் அதையும் துடைத்துவிட்டு, சட்டையையும் கோட்டையும் மாட்டி, வெட்டிய ஓரங்களை அடியில் செருகினார்.

"அப்பா உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா அங்கிள்?"

"ஒண்ணா வேலை செஞ்சோம்" என்றார்.

வந்தவர்கள் கோட்டு எப்படிப் பொருந்தியிருக்கிறது பார் என்று பேசிக்கொண்டார்கள். சாண்ட்ரா நிமிரவில்லை.

கஸ்பார் சாதாரணமாகக் கல்லறைவரை போனாலும் மண் போடமாட்டார். சொந்த அப்பனுக்குப் போடாதவன் மற்றவனுக்கு எப்படிப் போடுவது என்று வரிசையில் சேராமல் சுவரோரம் நின்றுவிடுவார். அப்பாவின் குழியை இடப்பற்றாக்குறையில் வேறு இரண்டு குடும்பத்துக்குத் திறந்துவிட்டார்கள், இன்ன இடம் என்று இப்போது காட்டவும் முடியாது. அன்றைக்கு வரிசை முடிந்து பங்குச் சாமியாரும் கிளம்பிய பிறகு அவர் குழியருகே போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு பிடி அள்ளிப் போட்டார். மனதிலிருந்து எதுவும் இறங்கியதுபோல இல்லை. கால் வலித்தது.

வீட்டில் ரோசி சொம்போடு வந்து வாசலிலேயே நிறுத்தினாள். அவர் கையில் மண்ணைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "யாருய்யா அது?" என்று கேட்டாள்.

"பிராங்கிளின் மேஸ்திரி."

ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"ஒழுங்கா உடுத்துனியா?"

"எல்லாருக்கும் உடுத்துற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார்.