ஆகாயத்தாமரை அடுப்பும் நான்கு மாடுகளும்

ஆரணியில் எனக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. தறிக்காரர்கள் கொண்டுவரும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, பசை நீக்கி, சாயம் ஏற்றிக் கொடுப்பேன். எல்லாம் விறகு அடுப்புதான். புகை பட்டால் இளம் நிறங்கள் மங்கிப்போகும். ரோஜா நிறம் கேட்ட ஒருவருக்கு ஏறக்குறைய செங்கல் நிறத்தைக் கொடுத்து, அவர் வீட்டுக் கல்யாணம் முடியும்வரை அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரேடியோவில் ஒருவர், ஆகாயத்தாமரையை அழுகவைத்தால் எரிவாயு கிடைக்கும் என்று பேசினார். எங்கள் ஏரியில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். மறுநாளே பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டத் தொடங்கினேன். என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெணறா?"

"கேஸு."

"கேஸு தோண்டினா வருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குழிக்கு மேலே கவிழ்க்கும் இரும்புத் தொட்டியை அரசாங்கம் தருவதாகச் சொன்னார்கள். அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். படிவத்தை அவரே நிரப்பினார்.

"மாடு எத்தினி?"

"மாடு இல்லீங்க."

"அப்ப சாணத்துக்கு?"

"சாணம் இல்லீங்க. ஆகாயத்தாமரை."

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆகாயத்தாமரைக்கு இதுல எடமே இல்லியே. மாட்டுக்குத்தான் எடம் இருக்குது."

"காலியா விட்டுடுங்களேன்."

"காலியா விட்டா மேல போவாது. நாலுன்னு போட்டுக்கிறேன். அதான் கொறைஞ்சது." போட்டுவிட்டார். அந்த நிமிடத்தில் நான் நான்கு மாடுகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

தொட்டி வந்தது. குழியைத் தொடங்கிவைக்க மட்டும் கொஞ்சம் சாணம் வேண்டும். அதைப் பக்கத்துத் தெருப் பால்காரர் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஆகாயத்தாமரைதான். பொடியாக நறுக்கி, ஊறவைத்துக் கொட்டுவோம். மூன்று வாரம் நாற்றம் மட்டும் வந்தது. நான்காவது வாரம் தொட்டி ஒரு முழம் மேலே எழும்பியது. அடுப்பைப் பற்றவைத்தோம். நீலமாக, சத்தமே இல்லாமல் எரிந்தது. என் மனைவி முதலில் டீ போட்டாள். அதைக் குடித்துவிட்டு, "நாறல," என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. பட்டுக் காய்ச்சும் பெரிய கொப்பரைக்கு அந்த வாயு போதவில்லை. ஆனால் இளம் நிறச் சாயத்தைச் சூடாக்கப் போதும். ரோஜா ரோஜாவாகவே வந்தது.

அப்போதுதான், நாலு என்று போட்ட அதே அதிகாரி மாடுகளை நேரில் எண்ணிப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பால்காரரிடம் ஓடினேன். மறுநாள் காலை அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தெரு நெடுக யாரோ தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். மாடு ஒரு கால் வைத்தால் ஒரு புடவையே போய்விடும். சுவரோரமாக ஒவ்வொன்றாக, மணப்பெண்ணை அழைத்துவருவதுபோல் நடத்திக் கொண்டுவந்தோம். வந்தபிறகுதான் கவனித்தேன்: மூன்று பசு, ஒரு காளை.

"இன்னாங்க இது?"

"ஒண்ணு கன்னு போட்டுட்டு படுத்துகினு கீது. எண்ணிக்க சரியா இருந்தா போதும்னு இத்த ஓட்டியாந்தேன்," என்றார்.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் நான்கும் சேர்ந்து, நறுக்கி வைத்திருந்த மூன்று நாள் ஆகாயத்தாமரையைத் தின்று தீர்த்துவிட்டன.

அதிகாரி வந்தார். அடுப்பை எரித்துக் காட்டினேன். "அது இருக்கட்டும்," என்று நேராக மாடுகளிடம் போய் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "எது ஜாஸ்தி கறக்கும்?" என்றார். பதற்றத்தில் என் கை நீண்டது. காளையை நோக்கி நீண்டது. பால்காரருக்கு இருமல் வந்தது. அதிகாரி பட்டணத்துக்காரர், குறித்துக்கொண்டு, எரிவாயுவில் போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அதோடு முடியவில்லை. மாடுகளுக்குக் கோமாரி ஊசி போட ஆள் வந்தார். மாடு மேயப் போயிருப்பதாகச் சொன்னோம். மறுமாதமும் மேயத்தான் போயிருந்தன. பால் சங்கத்திலிருந்து, நாலு மாடு வைத்துக்கொண்டு ஏன் பால் ஊற்றுவதில்லை என்று கேட்டு அனுப்பினார்கள். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இல்லாத மாட்டுக்கு இவ்ளோ பேஜாரா? போய் அந்த நாலை அடிச்சுடச் சொல்லுங்க."

போனேன். அதிகாரி வருத்தப்பட்டார். "மாடு இல்லன்னா தொட்டியைத் திருப்பித் தரணுமே."

"கேஸு வந்துகினுதாங்க இருக்குது!"

"வரட்டுங்க. மாடு இல்லாம வரக்கூடாது."

நான்கு மாடுகளையும் பதிவேட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

சில வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போய், இளைஞர் ஒருவர் வந்தார். வந்ததுமே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடே இல்லாத வீடுகளில் இலைதழைகளை வைத்து எரிவாயு தயாரிக்கப் புதுத் திட்டம் வந்திருக்கிறதாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நான் சேந்துக்கிறேங்க," என்றேன்.

அவர் பதிவேட்டைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு எப்படிங்க? நாலு மாடு இருக்குதே. அனுபவப்பட்டவராச்சேன்னு பார்வையிடத்தான் கூப்பிட்டேன்."

படவேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மாதிரி எரிவாயுக் கலன் கட்டியிருந்தார்கள். ஜீப்பில் கூட்டிப்போனார். வேறெங்கோ அவசர வேலை என்று என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு மாதமாக ஆகாயத்தாமரைத் தழையைக் கொட்டியும் அடுப்பு எரியவில்லையாம்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. ஆகாயத்தாமரை நார் மேலே மிதந்து, மெத்தைபோல் இறுகிக் கிடந்தது. நீளமான மூங்கிலை வாங்கி, குத்தி உடைத்து, கலக்கிவிட்டேன். நறுக்குவதற்கு முன் இரண்டு நாள் வாடவிடச் சொன்னேன். மதியம் தாண்டியதும் தொட்டி லேசாக அசைந்தது. சாயங்காலம் அடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த அம்மா குனிந்து, சுடரையே பார்த்தார். "புகையே இல்லியே," என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கேழ்வரகுக் களி கிண்டி, கீரைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. ஆரணிக்குப் போகும் ஒரு மாட்டு வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன். வயிறு நிறைந்திருந்தது. ஆரணி வரும்வரை அந்த வண்டிக்காரரிடம், சாணமே இல்லாமல் அடுப்பு எரிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.