முன்கூட்டியே போட்ட டிக்

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பத்துப் பன்னிரண்டு பேர் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். டீ போடுவது, மேஜை துடைப்பது, பாத்ரூமைச் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை. நான் ஐந்தாவது வரை படித்தவன். யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் கண்ணை டீத் தட்டின் மேல் வைத்துக்கொள்வேன்.

தெலுங்கு பேசும் ஊர், ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த மேடம், இன்னொருவன் நான். மேடம் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. அன்று நாலு மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் அவருடைய வேலையைத் திரையில் பார்ப்பதாக இருந்தது. சரியாக ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த வேலை என்னவென்று மேடமே எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. இதுவரை அதை ஆட்கள் ஓட்டினார்கள். இனி ஏஐ ஓட்டும். கருவியை எப்படி ஓட்டுவது, அது தரும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஏஐக்கு விளங்கும்படி குறிப்பு எழுத வேண்டும்.

இரண்டரை மணிக்கு டீ கொண்டுபோனேன். காலையில் வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"சோதிச்சுப் பாக்க மூணு ஃபைல்ல நானே தப்பு வெச்சேனுங்ணா. ரெண்டைக் கண்டுபிடிக்குது. மூணாவது சுத்தமா இருக்குதுன்னு சொல்லுது. பத்து வாட்டி ஓட்டிட்டேன்."

தலையாட்டினேன்.

"உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதில்லைங்களா?"

"தெரியாதுங்க மேடம்."

"அதான் வேணும். உக்காருங்க. நீங்கதான் ஏஐ, நான் கருவி."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். குறிப்பைத் தமிழில் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு ஃபைலுக்கும் கருவியின் பதிலாக ஒரு தாளை என்னிடம் நீட்டினார். தாளில் கோடு இருந்தால் தப்பு. முதல் தாளில் ஒரு கோடு. தப்பு இருக்கிறது என்றேன். இரண்டாவதிலும் கோடு. மூன்றாவது வெறும் தாள்.

"தப்பு இல்லைங்க."

"குறிப்பும் அதைத்தான் சொல்லுது. பதில் ஒண்ணும் வரலைன்னா தப்பு இல்லைன்னு." நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எங்கதான் தப்பு விட்டேனோ."

மேனேஜர் வந்து நின்றார். தமிழ் அவருக்குப் புரியும், பேசுவது தெலுங்கும் ஹிந்தியும் கலந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"ஏமய்யா, நீயும் சாஃப்ட்வேர்ல சேர்ந்துட்டியா? அப்ப டீ யார் போடுவா, ஏஐயா?"

நான் எழுந்துவிட்டேன். எதிரே பாத்ரூம் கதவு. அதில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து கட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு டிக் போட வேண்டும். அதைப் பார்த்தபடியே நின்றேன்.

"மேடம், அது பாக்காமலே இருந்தா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எது?"

"கருவி. உள்ள போகாமலே வெறும் தாளைக் குடுத்திருந்தா?"

"பார்க்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லுமுங்ணா."

மேனேஜர் சிரித்தார். "பாக்காம எப்படிப் பாத்தேன்னு சொல்லும்? மெஷின் அது. சோம்பேறித்தனம் பண்றதுக்கு ஆளா?"

வாயை மூடிக்கொண்டு டம்ளரை எடுத்துப் போயிருக்கலாம். மணி மூன்றாகப்போகிறது. மேடம் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் போய்க் கதவிலிருந்த தாளைப் பிய்த்து வந்து அவர் மேஜையில் வைத்தேன்.

ஐந்து கட்டத்திலும் டிக். ஐந்து மணிக்கு உரிய கட்டத்திலும்.

"காலைல ஒம்போது மணிக்கே அஞ்சையும் போட்டுடுவேன்" என்றேன். "கை எப்பவும் ஈரம், பேனாவும் இருக்காது. பாதி நாள் ரெண்டு தடவைதான் உள்ள போவேன். டிக் இருக்கறதால யாரும் கேட்டதில்லை."

மேனேஜர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மேடம் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மூன்றாவது ஃபைலின் அளவைப் பார்த்தார். எதையோ தட்டினார், மறுபடி தட்டினார்.

"தொறக்கவே இல்லைங்ணா. ஃபைல் ரொம்பப் பெருசு. சத்தமில்லாம தாண்டிப் போயிருக்குது. ஒண்ணும் வரலைன்னா சுத்தம்னு நானே எழுதி வெச்சிருக்கேன்."

குறிப்பில் அந்த வரியை அழித்தார். எத்தனை வரி படித்தது என்ற எண்ணிக்கையை ஏஐ கருவியிடம் கேட்க வேண்டும், எண்ணிக்கை வராவிட்டால் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும், பிறகு ஃபைலைத் துண்டு துண்டாகக் கொடுத்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று எழுதினார். முடிக்கும்போது நாலு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை.

மீட்டிங் அறையின் கண்ணாடிக்கு வெளியே தட்டோடு நின்றேன். திரையில் முதல் ஃபைலில் தப்பு வந்தது, இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதற்கு 'பார்க்கவில்லை' என்று வந்ததும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அரை நிமிடம் இருக்கும், எனக்கு அதிகமாகத் தெரிந்தது. பிறகு கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. அவர் வைத்த தப்பு. திரையில் இருந்த வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். மேடம் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அன்று வீட்டுக்கு, லோத்குண்டாவுக்குப் போகும் பஸ்ஸில், நாளைக்கு என்னை வரச்சொல்வார்களா என்பதே நினைப்பு. வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாத்ரூம் கதவில் புதுத் தாள் இருந்தது. பக்கத்தில் பேனா, நூலில் கட்டி. மேனேஜர் அங்கேயே நின்றிருந்தார்.

"மேடத்துக்கு வேலை நிரந்தரம். முதல் வேலையா உனக்குக் குறிப்பு எழுதியிருக்கா. டிக் நக்கோ, இனி வேண்டாம். மணி என்ன, சோப்பு எவ்வளவு மிச்சம், ரெண்டையும் எழுது. இன்னொரு தடவை முன்னாடியே எழுதினா உன் இடத்துல ஏஐயை வெச்சுடுவேன்."

உள்ளே போய்ச் சோப்புப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது மணி, முக்கால் பாட்டில் என்று எழுதினேன். மற்ற நாலு கட்டங்களும் காலியாக இருந்தன.