கலைவாணியின் கலர் கீபோர்டு

நெய்வேலியில் கரண்டைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. ஆனாலும் ஒரு கீபோர்டு எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று பார்க்க ஆபீஸே கூடி நின்ற கூத்து எங்களிடம் மட்டும்தான் நடந்திருக்கும்.

மைன்ஸில் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் சிஸ்டம் பார்த்தேன். பெயரெல்லாம் வேண்டாம். சிஸ்டம் பார்ப்பது என்றால், பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுப்பதும், "மேடம், நெட் வரல" என்றதும் ஓடுவதும்தான். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். இனி வாயைக் கட்ட வேண்டிய அவசியமில்லை.

எங்கள் மேனேஜர் துரைராஜ் சார் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். ஆயுசு முழுக்க மெகாவாட்டோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு வாட்டோடு ஒட்டு உறவுகூடக் கிடையாது. வந்த வேகத்தில் மின்சிக்கனம் என்று ஆரம்பித்து, நன்றாக எரிந்த டியூப்லைட்டுகளில் பாதியைக் கழற்றி ஸ்டோரில் போட்டார். அவர் அறையில் ஏசியும் டீ கெட்டிலும் மட்டும் சிக்கனத்துக்குக் கட்டுப்படவில்லை.

ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தவர், டேட்டா என்ட்ரி மேசையில் சிவப்பும் நீலமுமாக ஒரு கீபோர்டு மின்னுவதைப் பார்த்துவிட்டார். அது கலைவாணி சொந்தக் காசில் வாங்கி வைத்தது. கலைவாணி பக்கத்தில் வடக்குத்து ஊர்ப் பெண். கான்ட்ராக்ட். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அந்த வாரம்தான் அவளுடைய கேட் பாஸ் ரினியூவலுக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். அது விழாவிட்டால் கேட்டுக்கு உள்ளேயே வர முடியாது.

"நைட்டு ஃபுல்லா சிஸ்டத்தை ஓட விட்டுட்டுப் போயிருக்க. கையெழுத்துக் கிடையாது" என்றார் சார், கலைவாணி வந்து நின்றதும்.

"நான் ஆஃப் பண்ணிட்டுதாங்க வூட்டுக்குப் போனேன். சத்தியமாங்க!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சில கம்ப்யூட்டர்களில் ஷட்டவுன் செய்த பிறகும் யூஎஸ்பி போர்ட்டில் கரண்ட் இருக்கும். கீபோர்டு பாட்டுக்கு மின்னும். அதைச் சொன்னேன்.

"அப்போ கரண்ட் போகுதுல்ல?" என்றார்.

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரைக் கொண்டுவந்து அவள் சிஸ்டத்தில் மாட்டினேன். கணக்குப் பிரிவு, ஸ்டோர், டிரைவர்கள் எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி கூடிவிட்டார்கள். கீபோர்டு விளக்கை மட்டும் அணைத்தேன். மீட்டரில் ஒரே ஒரு வாட் குறைந்தது.

"பாத்தீங்களா, குறையுது!" என்று குதித்தார் சார்.

"ராவும் பகலும் எரிஞ்சாலும் மாசத்துக்கு ஒரு யூனிட் ஆகாது சார். உங்க கெட்டில் ஒரு தடவை கொதிக்கிற கரண்ட்ல இது நாலஞ்சு நாள் எரியும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போச்சு! சாரின் முகம் கறுத்துவிட்டது. கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? கீபோர்டும் வேணாம், அந்தப் பொண்ணும் வேணாம்."

மீட்டர் என் பக்கம் இருந்து என்ன பிரயோஜனம்? கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வயரைக் கழற்ற ஆரம்பித்தாள். என் நாக்கை நானே பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

"ஏம்மா, இந்தக் கருமத்தை எதுக்குத்தான் வாங்குன?" என்று கேட்டேன்.

"என் தலைக்கு மேல இருந்த டியூப்லைட்டக் கழட்டிட்டாங்க மேடம். எழுத்தே தெரியல. தடவிக்கினு அடிச்சா அத்தனையும் தப்பு வருது. அதான்."

எனக்குள் பளிச்சென்று ஒன்று தோன்றியது. சார் அறைக்குள் போய்விடுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"சார்! நீங்க கழட்டின டியூப் இருபது வாட். அந்த இடத்துல இப்போ ஒரே ஒரு வாட்ல வேலை நடக்குது. உங்க ஸ்கீம் ஜெயிச்சிருச்சு சார்! இவ பண்ணினது அதைத்தான்."

சார் நின்றார். கீபோர்டைப் பார்த்தார், மேலே காலியாக இருந்த டியூப்லைட் பட்டியைப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். பேனா சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது.

அந்த வருஷக் கம்பெனி விழாவில், மின்சிக்கனத்துக்குப் புது வழி கண்டதற்காக அவருக்குச் சால்வையும் ஷீல்டும் கொடுத்தார்கள். மேடை முழுக்க ஃபோகஸ் லைட்டும் சீரியல் பல்பும் ஜொலித்தன.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: மேலதிகாரி தப்பு என்று நிரூபித்தால் கைதட்டல் கிடைக்கும், அது அவருடைய ஐடியா என்று சொன்னால் காரியம் நடக்கும். பக்கத்து ஆளின் சோறு அதில் இருக்கும்போது கைதட்டலுக்கு ஆசைப்படாதீர்கள்.

விழாவில் கலைவாணி என் காதருகே குனிந்தாள். "ஏன் மேடம், இங்க எரியற கரண்ட்டுக்கு என் கீபோர்டு எத்தினி வருசம் எரியும்?"

"வாயை மூடிக்கிட்டுக் கை தட்டுடி. அடுத்த வருஷமும் அவர்தான் கையெழுத்துப் போடணும்."

கழுத்தில் புதுப் பாஸ் குலுங்கக் குலுங்க, எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினாள்.