மாஸ்டரை விசாரிக்கப் போன கதை

என் மகளைப் பாக்ஸிங் கிளாஸில் சேர்க்க முதலில் போன இடம் ராயபுரத்தில் இருந்தது. ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசலில் லெமன் ஜூஸ். கிளாஸ் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மாக்கள் உள்ளே இருந்தால் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுமாம். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு வெளியே நின்றேன். ஒரு வாரம் போனாள். பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த சாரு சும்மா சும்மா தொட்டுத் தொட்டு சொல்லிக் குடுக்குறாரும்மா. எனக்குப் புடிக்கல. நான் போவல" என்றாள். அப்படியே அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அந்த ஆளை நான் கேட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஆனால் மகளுக்குப் பாக்ஸிங் ஆசை போகவில்லை. தலையணையைக் குத்திக் குத்திப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. வேறு கிளாஸ் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் "வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பதினோரு வயதுப் பிள்ளை, ஆசைப்பட்டதைக் கற்றுக்கொள்ளப் பயப்படுகிறாளே என்று எனக்கு ஆறவே இல்லை.

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூரில் துறைமுகத்து வரிசையில் நின்றபடியே போனில், "இந்த தபா நல்லா விசாரிச்சிட்டு சேத்து வுடு" என்றார். எங்கள் குடும்பத்துக்கு விசாரிக்கத் தெரிந்தது ஒரே முறைதான், மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற முறை. நேராக ஆளிடம் போகக்கூடாது, தெருமுனையில் கேட்க வேண்டும். எதற்குக் கேட்கிறோம் என்று மூச்சு விடக்கூடாது, விட்டால் உண்மை வராது. இதே முறையில்தான் என் வீட்டுக்காரரையும் எனக்குப் பிடித்தார்கள். அதனால் இதில் கொஞ்சம் ஓட்டை உண்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறு வழி?

தண்டையார்பேட்டையில் ஒரு மாஸ்டர் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். கல்யாணமாகாத என் நாத்தனாரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போய், அந்தத் தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவிடம் ஆரம்பித்தேன்.

"மாடியில பாக்ஸிங் சொல்லித் தர்றாரே, அவரு ஆளு எப்டிக்கா? குடிப்பாரா?"

"சேச்சே!"

"கோவம் வருமா? பொம்பளைங்க கிட்ட எப்டி? வூட்ல யார் யாரு கீறாங்க?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாத்தனாரை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். "தங்கமான புள்ளம்மா. அவனும் அவங்கம்மாவும் தான். இன்னா விசயம்?"

"சும்மா தான்க்கா."

"நாயித்துக்கெயம சாய்ங்காலம் வாங்க. வூட்ல தான் இருப்பான்" என்று சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போனோம். வாசலில் பெரிய கோலம். மாஸ்டரின் அம்மா பட்டுப்புடவையில் வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். கேசரி, பஜ்ஜி வந்தது. மாஸ்டர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். குத்துச்சண்டை சொல்லித் தருகிற ஆளுக்கு இவ்வளவு வெட்கமா! எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கிளாஸில் சேர வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும். மகள் மட்டும் பஜ்ஜியை விடவில்லை.

"நகை நட்டுன்னு நாங்க வாயே தொறக்க மாட்டோம்" என்றார் அந்த அம்மா, நாத்தனாரைப் பார்த்தபடி. "ரெண்டு பேருக்கும் மனசு புடிச்சா போதும். தனியா பேசணும்னாலும் பேசட்டும்."

நாத்தனாருக்குப் புரை ஏறியது. "இன்னா அண்ணி பண்ணி வச்சிகீறீங்க!"

ஐயையோ என்று பதறி, நாங்கள் வந்தது பாக்ஸிங் கிளாஸுக்கு, அதுவும் இந்தக் குழந்தைக்கு என்று ஒரே மூச்சில் உளறிக் கொட்டினேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாக்ஸிங் கத்துக்க வர்றவங்க எவங்கனா குடிப்பானா, வூட்ல யாரு கீறாங்கன்னு கேப்பாங்களா? தெருவே கல்யாணம் எப்போன்னு கேட்டுக்கினு கீது! பொண்ணு குடுக்கறவங்க கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கம்மா!"

என் வாயும் சும்மா இருக்காதே. "கேக்காம இன்னா பண்றது? இவளக் கட்டிக் குடுக்க இன்னும் எவ்ளோ வருசம் கெடக்குது. அந்த மாப்ளைய அப்போ விசாரிச்சிக்கலாம். உங்க புள்ள கிட்ட நாளைக்கே வுடணும். ஒருத்தன நம்பி வுட்டு ஏற்கெனவே பட்டாச்சு." மகள் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

மாஸ்டர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "அம்மா, அவங்க கேட்டதுல தப்பே இல்ல. எல்லாரும் மேல வாங்க" என்றார்.

மாடிக்குக் கதவே இல்லை. சுற்றிலும் மொட்டை மாடிகள். துணி எடுக்கிற சாக்கில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பெண் வீட்டாரைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். எதிர் மாடியில் இஸ்திரி அக்காவும் நின்றாள். நாத்தனார் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

மாஸ்டர் என் மகளிடம் கையை மடக்கச் சொன்னார். அவள் கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்கினாள்.

"வெரலு வெளிய வரணும்மா. கைய புடிச்சி காட்டட்டா?"

"வேணாம்" என்றாள் மகள்.

அவர் "சரி" என்று ஓரடி பின்னால் போய், தன் கையை மடக்கிக் காட்டினார். மறுபடி தப்பாக மடக்கினாள். மறுபடி கேட்டார். "வேணாம்." இந்த முறை குரல் கொஞ்சம் பெரிதாக வந்தது. வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. விரலை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

எதிர் மாடியிலிருந்து அக்கா பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "டேய், கைய புடிச்சி காட்டிட்டுப் போவியா! எவ்ளோ நேரம்டா?"

"பாப்பா வேணான்னு சொல்லுதுல்லக்கா" என்றார் மாஸ்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மடக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"இப்போ புடிச்சிக் காட்டுங்க சார்."