வாசமில்லாத க்ரீம் இருக்கா, அண்ணாச்சி?

குடும்பத்தலைவி உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வீட்டில் யாருக்கு எங்கே அரித்தாலும் கேள்வி நம்மிடம்தான் வரும். அதிலும் கான்வென்டில் படித்துத் தொலைத்தவள் என்றால், டப்பாவின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருக்கும் இங்கிலீஷை வாசிக்கிற வேலையும் சேர்ந்து வரும். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கண்ணாடியின் பவர் மட்டும் ஏறும். இந்தக் கோடையில் க்ரீம் டப்பாக்களோடு நான் பட்ட பாட்டை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்ட?

கையை நீட்டு

ஜெசிந்தா என் வீட்டுக்காரரின் தங்கை. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸிலும் குளோரின் தண்ணீரிலும் ஊறி ஊறி, அவள் கை காய்ந்த உப்பளத்துத் தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. காலையில் உள்ளே போகுமுன் கேட்டில் கையை நீட்டிக் காட்ட வேண்டும். வெடிப்போ புண்ணோ இருந்தால் விடமாட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, சுத்தம் வேண்டியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையை வெடிக்க வைத்தது அவர்கள் தண்ணீர். வெடித்த கையோடு வராதே என்பது அவர்கள் சட்டம். இது எந்த ஊர் நியாயம்? மீன்பிடித் தடைக்காலம் வேறு. அவள் புருஷன் போகிற விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. இவள் கேட்டைத் தாண்டினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

தோல் டாக்டர் புண்ணுக்குக் களிம்பு கொடுத்து, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் ஒன்றையும் விடாமல் பூசச் சொல்லியிருந்தார். எது என்று சொல்லவில்லை. ஜெசிந்தா நேரே என் வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். "மைனி, ஆறுன பொறவு வான்னு திருப்பி அனுப்பிட்டாவ. நீங்கதான இங்கிலீஷ் படிச்சிருக்கிய, எதப் பூசட்டும், பாத்துச் சொல்லுங்க."

கத்தாழைப் படம்

ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி எடுத்துப் போட்ட முதல் டப்பாவில் பெரிய கத்தாழை மடல். நுனியில் ஒரு சொட்டு வேறு தொங்குகிறது. நான் திருப்பினேன். பின்னால் இருக்கும் சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், குறையக் குறையப் பின்னால் போகும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதி ஏமாற்று வெளுத்துவிடும். முதலில் தண்ணீர். அதைக் குறை சொல்லமாட்டேன், முக்கால்வாசி க்ரீமில் அப்படித்தான். அப்புறம் கிளிசரின், மெழுகு, கெடாமலிருக்கப் போடும் மருந்து, வாசனை. கெடாமலிருக்கப் போடுவதே துளிதான். அதற்கும் பின்னால், பச்சைச் சாயத்துக்கு முந்தின இடத்தில், கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்தவள் மாதிரி ஒதுங்கி நிற்கிறது கத்தாழை!

"ஏன் அண்ணாச்சி, படம் இம்மாம் பெருசு, சரக்கு இம்புட்டுதானா? அதுலயும் வாசனை வேற. வாசனையே போடாத க்ரீம் இருக்கா, இல்லையா?" என்றேன். அண்ணாச்சி டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, வேட்டியில் துடைத்து, திரும்ப அலமாரியில் வைத்தார். "யம்மா, கத்தாழை வேணும்னா எங்க வீட்டுக் காம்பவுண்டு ஓரத்துல நிக்கி, வந்து ஒடிச்சிக்கோங்க. இது க்ரீமு."

பச்சைப்பிள்ளை வாசம்

நான் கடை கடையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. பச்சைக் குழந்தைக்குப் பூசுவது பெரியவர்களை என்ன செய்துவிடப் போகிறது என்று ஒரு பேபி க்ரீமை வாங்கிப் பூசிவிட்டாள். குழந்தைச் சாமானில் செண்ட் இருக்காது என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். பின்பக்கம் பாருங்கள், பர்ஃப்யூம் என்று வெட்கமில்லாமல் எழுதியிருக்கும். பிறந்து கண் திறக்காத பிள்ளைக்கு செண்ட் எதற்கு, அது எந்தக் கல்யாணத்துக்குப் போகிறது?

வெடிப்பு ஓரளவு மூடியிருந்தது. அதை நம்பி கேட்டுக்குப் போனாள். அங்கே கை பார்க்கிற சூப்பர்வைசர் சரசு அக்கா மூக்காலும் பார்ப்பாளாம். கையில் வாசம் இருந்தால் இறாலில் ஏறிவிடும் என்று அதற்கும் ஒரு தடை. மறுபடியும் வீட்டுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது நாலு பேர் முன்னால் கேட்டாளாம்: "ஏளா, இது என்ன இறால் கம்பெனியா, பால்வாடியா?"

முத்துப் போட்டது

சூப்பர்மார்க்கெட்டில் க்ரீம் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். வாசமில்லாதது வேண்டும் என்றதும் 'அன்சென்டட்' என்று முன்னால் எழுதிய டப்பாவை நீட்டினாள். பின்னால் பார்த்தால் அங்கேயும் பர்ஃப்யூம். மற்ற சாமான்களின் நாற்றத்தை அமுக்குவதற்கு ஒரு வாசனையாம்! அப்படியானால் வாசனை இல்லை என்று எழுதுவானேன்? அந்தப் பெண் சளைக்காமல் அடுத்ததை நீட்டினாள். முத்து க்ரீம். பூசினால் முகம் முத்தாக மின்னுமாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தூத்துக்குடிக்கு வந்து தூத்துக்குடிக்காரியிடமே முத்து விற்கிறாள். பட்டியலில் முத்துப் பொடி கடைசிக்கு முந்தினது. மின்னுவதெல்லாம் அதற்கு முன்னால் நிற்கிற மைக்கா; அப்பிரகம் என்போமே, அந்தத் தூள். "எம்மா, இந்த டப்பாவுல மொத்தமா எவ்வளவு முத்து இருக்கும்?" என்றேன். அவள் களைத்துப் போனவளாகச் சொன்னாள்: "மத்த ஊர்ல எல்லாம் முத்துன்னு சொன்னாலே வாங்கிட்டுப் போறாங்க மேம், இந்த ஊர்லதான் எவ்வளவு முத்துன்னு கேக்குறாங்க."

கெமிக்கல் இல்லாதது

மில்லர்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுக் கமலா அக்காவுக்குச் சங்கதி எட்டிவிட்டது. தானே காய்ச்சிய களிம்போடு வந்தாள். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, எலுமிச்சைச் சாறு, லாவண்டர் எண்ணெய். கெமிக்கல் ஒரு துளி கிடையாது என்று சத்தியம். வெடித்த கையில் எலுமிச்சைச் சாறா, மிளகாய்த் தூளையும் தூவிவிடலாமே என்றேன். லாவண்டர் செடியில் இருந்து வந்தாலும் வாசம் வாசம்தான்; இயற்கை வாசனை என்று சரசு அக்கா சலுகை காட்டப் போவதில்லை. தண்ணீரும் கெமிக்கல், நம் ஊர் உப்பும் கெமிக்கல் என்று சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை.

கடைசியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க வீட்டு அண்ணன் கெமிக்கல் கம்பெனியிலதான வேல பாக்காவ? மாசா மாசம் அந்தச் சம்பளம் மட்டும் கசக்கலியா?" கமலா அக்கா களிம்பு டப்பாவை மூடியபடி நிதானமாகச் சொன்னாள்: "சம்பளத்த யாருளா மூஞ்சில பூசுதா?"

கீழ்த்தட்டு

கிடைத்தது மெடிக்கல் ஸ்டோரில், கீழ்த்தட்டில், குனிந்தால்தான் கண்ணில் படும். வெள்ளை டப்பா, இலை இல்லை, பூ இல்லை, சிரிக்கும் பெண் இல்லை. பட்டியலும் குட்டி. தண்ணீர், கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, கெடாமலிருக்க ஒரு மருந்து, அவ்வளவுதான். கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும், ஜெல்லி மேலே மூடி போட்டு அதைத் தப்பவிடாது. வெடித்த கைக்கு இந்த இரண்டும் வேண்டும். மற்றதெல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும். இதை ஏன் தம்பி கீழே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கடைக்காரப் பையனைப் பிடித்துக்கொண்டேன். வாசமில்லாததை யாரும் கேட்பதில்லையாம்.

கை கழுவி ஈரம் காயுமுன் பூச வேண்டும், படுக்கும்போது தடிமனாகப் பூசிப் பருத்திக் கையுறை போட வேண்டும் என்று ஜெசிந்தாவை விரட்டினேன். டாக்டர் களிம்பையும் விடவில்லை. வெடிப்பு மூடி, விரல் வலியில்லாமல் மடங்க ஆரம்பித்தது. அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்கி, கேட்டுக்கு வெளியே நின்றேன். சரசு அக்கா கையைத் திருப்பினாள், விரல்களை விரித்தாள், இடுக்கை அமுக்கினாள். இந்தக் கையை முகர்ந்தாள், அந்தக் கையை முகர்ந்தாள். ஜெசிந்தா என்னைப் பார்க்கிறாள், நான் மாதாவைக் கூப்பிடுகிறேன். பிறகு சரசு அக்கா கேட்டை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். ஜெசிந்தா உள்ளே ஓட, அவள் முதுகைப் பார்த்து, எனக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "பாத்தியாளா, ஒண்ணுமே பூசாம விட்டதுனாலதான் ஆறியிருக்கு, இது தெரியாம க்ரீமு க்ரீமுன்னு அலைஞ்சிருக்க!"

குடும்பத்தலைவி ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தாள் என்பதற்கு உலகம் எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட் இதுதான் போலும்: அவள் ஒன்றுமே செய்யவில்லை.