கார்ட்டர் என்று கூப்பிடாதீர்கள்

எங்கள் குடும்பப் பெயர் கார்ட்டர். வண்டிக்காரன் என்று அர்த்தம். இங்கிலாந்து முழுக்க இந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேறு, நாங்கள் வேறு. கடல் பின்வாங்கும் நேரத்தில் வளைகுடா மணலைக் கடந்து ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டிக்கு, மடத்துத் துறவிகள் காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் இது. ரத்தத்தோடு வராது, வேலையோடு வரும். ஒரு கார்ட்டரைப் புதைமணல் விழுங்கினால், அடுத்து வருகிறவன் யார் பெற்ற பிள்ளையானாலும் அவனும் கார்ட்டர்தான். இப்படிப்பட்ட பெயருக்கும் ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது, அதைச் சொல்லுங்கள்!

அப்பா பிறந்தபோது தர்ஸ்டன் ஃபெல். ஃபெல் என்றால் எங்கள் பக்கத்தில் மலை. அவர்கள் மலையில் ஆடு மேய்த்த குடும்பம். அம்மா டாமரிஸைக் கல்யாணம் செய்த வருடம் பழைய கார்ட்டர் மணலில் போய்விட்டார். வீடும் குதிரையும் கிடைக்கிறதே என்று அப்பா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

"கல்யாணமானா பொண்ணுக்குத்தான்டா பேரு மாறும். உனக்கு மாறிடுச்சே!" என்று இறால் பிடிக்கிற ஹக்கின் கேலி செய்தாராம்.

அம்மா சிரிக்கவில்லை. "நான் கட்டிக்கிட்டது ஃபெல்லை. கார்ட்டரை இல்ல" என்று கதவைச் சாத்தினாள்.

மணலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் யாரும் கார்ட்டர் என்று குரல் கொடுக்கக் கூடாது. மணலுக்குள் போன வழிகாட்டிகள் எல்லாருக்கும் அதுதான் பெயர்; கூப்பிட்டால் அவர்களும் பதில் சொல்வார்கள்.

நவம்பரில் ஒரு மத்தியானம் லங்காஸ்டர் நகரத்து வக்கீல் ஒருவர் வண்டியில் ஏறினார். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "பனி வந்துச்சுன்னா என்னை தர்ஸ்டன்னே கூப்பிடுங்க ஐயா."

"வேலைக்காரனைச் செல்லப்பேரு சொல்லிக் கொஞ்சணுமா? ஓட்டுப்பா, கார்ட்டர்."

பாதி வழியில் பனி வந்தது. வழிக்கு அடையாளமாக நட்ட மரக்கிளைகள் மறைந்தன. அப்பா இறங்கி, கம்பால் மணலைக் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். அவர் கண்ணுக்கு மறைந்ததும் வக்கீலுக்கு உதறல் எடுத்தது. துரைமாருக்குப் பழக்கமான ஒரே விதத்தில் கத்தினார்.

"கார்ட்டர்!"

"இதோ வர்றேன் ஐயா" என்றார் அப்பா. "இதோ வர்றேன் ஐயா" என்றது இடப்பக்கமும். பிறகு எல்லாப் பக்கமும். எல்லாமே அப்பாவின் குரல். வக்கீல் அவற்றில் ஒன்றை நம்பிக் குதிரையைத் திருப்பினார். சக்கரச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. துரத்தி ஓடிய அப்பாவுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயிற்று.

கரையில் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டது. கடல் முழுக்கத் தன் புருஷன் பேசுகிறான்; அதில் மூச்சுள்ளவன் யார்? அலை திரும்பும் இரைச்சல் வேறு. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"தர்ஸ்டன் ஃபெல்!"

அத்தனை குரலும் பட்டென்று அடங்கின. ஒன்று மட்டும் கேட்டது: "டாமரிஸ்?"

அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் அப்பா அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

வேலையை அன்றே விட்டார். பெயர்தான் விடவில்லை. பிறகு பிறந்த எனக்கும் பாதிரியார் கார்ட்டர் என்றே ஞானஸ்நானம் கொடுத்தார்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாள் வெளியே பனி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ மரியாதையாக அழைத்தார்கள்: "கார்ட்டர்?" அப்பாவின் உதடு அசைந்தது. அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவர் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்லாமலே கண்ணை மூடினார். கல்லறையில் தர்ஸ்டன் ஃபெல் என்றுதான் அவள் வெட்டச் சொன்னாள்.

போன வசந்தத்தில் அம்மாவும் அவர் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை, பெயரும் மாறவில்லை. இன்று காலையிலிருந்து பனி வாசல்வரை வந்து நிற்கிறது. வெளியிலிருந்து இரண்டு தடவை "கார்ட்டர்?" என்று கூப்பிட்டாகிவிட்டது. என் வாயைப் பொத்த அம்மாவின் கை இல்லை.