பச்சைப் பட்டை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய மாமா

அவளை எல்லாரும் டேங்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். குழாய் வறண்ட தெருக்களில் லாரியை நிறுத்தினால், குடத்தோடு முண்டியடிக்கிறவர்களின் வசவையெல்லாம் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் தன் வீட்டு வாசலில் புல்தரை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவாளா? அதிகம் தண்ணீர் கேட்காத மரமாக ஒன்று கொடுங்கள் என்று நர்சரியில் கேட்டாள். பாலைவனத்து மரம், பட்டையே பச்சையாக இருக்கும், மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் என்று சொல்லி ஒரு கன்றைக் கொடுத்தார்கள்.

வீடு இரண்டு குடும்பத்துக்குப் பொது. மாடியில் அவள் மாமா என்று கூப்பிடும் கணவனின் அண்ணனும் அவர் மனைவியும், கீழே இவர்கள். வாசல் மூலையில் சரளையும் மணலும் கலந்து மேடு கட்டிக் கன்றை நட்டாள். வேர் பிடிக்கும்வரை அவ்வப்போது ஒரு வாளி ஊற்றினாள். பிறகு அதுவும் இல்லை. மரம் தன்பாட்டுக்கு வளர்ந்து ஜன்னலைத் தாண்டியது.

ஒரு கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வெயில் கடுமையானால் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையை வைத்தே பிழைத்துக்கொள்வது அந்த மரத்தின் சுபாவம். மாடியில் இருந்த மாமாவிடமும் அவள் இதைச் சொல்லித்தான் வைத்திருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் லாரிக்குக் கிளம்பியதும் ரப்பர் குழாயை மரத்தடியில் போட்டுத் திறந்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். போதாக்குறைக்கு, ஒரு வாளி தண்ணீர் ஊற்ற மனசு வராதவள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

விடுமுறை நாளில் மேட்டைக் கிளறிப் பார்த்தபோது அழுகல் வாடை அடித்தது. அடிமரத்தில் ஒரு பக்கம் கறுத்து, விரலால் அழுத்தினால் சொதசொதவென்று உள்ளே போனது. மாமாவின் ரப்பர் குழாய் மேட்டோரம் ஈரமாகக் கிடந்தது.

நேரே மாடிக்குப் போய்க் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "காஞ்சு கெடக்குற மரத்துக்குத் தண்ணி ஊத்துறது ஒரு குத்தமாம்மா?" என்றார்.

பெரியவர் தெரியாமல் செய்துவிட்டார், விட்டுவிடு என்று கணவன் சமாதானம் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"தெரியாம செஞ்சா ஒருநாள் செய்யலாம். சொல்லச் சொல்லச் செஞ்சா அதுக்கு வேற பேரு. குடத்தைத் தூக்கிட்டு என் லாரிக்குப் பின்னாடி ஓடி வர்றவங்களை வந்து பாத்திருக்கீங்களா நீங்க ரெண்டு பேரும்?"

ரப்பர் குழாயைச் சுருட்டி லாரி கேபினில் போட்டுக்கொண்டாள். சேற்றை அள்ளி எறிந்து, அழுகிய வேரையும் பட்டுப்போன பெரிய கிளையையும் வெட்டி, புதுச் சரளை கொட்டினாள். பாதி மரம்தான் மிஞ்சியது.

அடுத்த வருஷம் அந்தப் பாதி பூத்தது. இலையே தெரியாத அளவுக்கு மஞ்சள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாடிக்கு வந்த சம்பந்தி வீட்டார் மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செத்துப்போக இருந்த மரத்தைத் தான்தான் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியதாகக் கதை அளந்துகொண்டிருந்தார்.

வேலை முடிந்து வந்தவள் காதில் அது விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை. சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்து மரத்தின் மறுபக்கத்துக்குக் கூட்டிப்போய், வெட்டிய கிளையின் கறுத்த தழும்பைக் காட்டினாள்.

"இது மாமா தண்ணி ஊத்தின பக்கம்மா. பூத்திருக்கிறது, அவர்கிட்டேருந்து தப்பிச்ச பக்கம்."

மாமாவின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மாமா விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார்.

வந்தவர்கள் முன்னால் அண்ணனை அவமானப்படுத்திவிட்டாய் என்று கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தெரு முழுக்க என்னைக் கஞ்சம் என்று அவர் சொன்னபோது யாருக்கும் அவமானமாக இல்லையா என்று அவள் கேட்டாள்.

காய் முற்றியதும் மாமாவின் மனைவி கீழே வந்து, தங்கை வீட்டுக்கு வேண்டுமென்று விதை கேட்டாள். டேங்கர் அக்கா மடி நிறையப் பறித்துக் கொடுத்தாள். மாமா மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்டு வாங்காமல் விடுவதாக இல்லை.